ஒரே பிளக்கும் அடுத்த கட்டக்காரரும்

சிறுத்தை நடமாடும் மலைகளில் எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். அட்டைக்கு எதிராக நாம் சவர்க்காரக் கட்டியும் உப்பும் வைத்திருக்கிறோம். காட்டுப்பன்றிக்கு வேலி, குளவிக்குக் கம்பளிச் சாக்கு. ஆனால் இவை எல்லாவற்றையும்விடத் தாராளமாக நம் தேயிலைத் தோட்டங்களிலும் டவுனிலும் உலவுகிற ஓர் உயிரினத்துக்கு எதிராக இதுவரை எந்த ஏற்பாடும் இல்லை. அதற்கு ஒரு பெயர்கூட இல்லை என்பதால் நானே வைக்கிறேன்: அடுத்த கட்டக்காரர்.

அவரை உங்களுக்குத் தெரியும். லயத்து வரிசை வீட்டில் கூரை ஒழுகுகிறது, இரண்டு தகரம் வேண்டும் என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். "தகரமா? அதெல்லாம் பழசுங்க. வெளிநாட்டுல இப்ப மெஷினே வீட்ட அச்சடிச்சுக் குடுக்குது" என்பார். ஹட்டன் பஸ் இன்றைக்கும் வரவில்லை என்று அலுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநரே இல்லாத பஸ்ஸைப் பற்றி அரைமணி நேரம் சொல்வார். நம் பஸ்ஸுக்கு ஓட்டுநர் இருந்தார், பஸ்தான் இல்லை என்பது அவருக்கு ஒரு பொருட்டே அல்ல. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் காற்றிலிருந்து தண்ணீர் பிழியும் கருவி. பாலத்தில் பலகை போய்விட்டது என்றால் பறக்கும் மோட்டார் சைக்கிள். எந்தக் குறையைக் கொண்டுபோனாலும் அதைத் தீர்க்க மாட்டார்; அந்தக் குறை எவ்வளவு பழைமையானது என்று சொல்லி உங்களை வெட்கப்பட வைத்து அனுப்புவார்.

சரி, இவர் பொய் சொல்கிறாரா? இல்லை. அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. மந்திரித்த கயிறு விற்பவனை எப்படி மடக்குவது என்று எனக்குத் தெரியும். விபூதியில் புற்றுநோய் கரையும் என்பவனிடம் நாலு கேள்வி கேட்டால் அவன் அடுத்த ஊருக்குப் போய்விடுவான். ஆனால் அடுத்த கட்டக்காரர் வாயிலிருந்து வருவதெல்லாம் உண்மை. ஆராய்ச்சி நடக்கிறது, கட்டுரை வந்திருக்கிறது, எலியில் வெற்றி கண்டிருக்கிறார்கள். உண்மையை மட்டுமே பேசி ஒரு காரியத்தைக் கெடுக்கிற மனிதரை என்ன செய்வது? பகுத்தறிவு பேசும் நாங்கள் இந்தப் பாடத்தைப் படிக்கவே இல்லை.

இந்த இனத்தின் மிக உயர்ந்த மாதிரி ஹட்டனில் இருக்கிறார். பெயர் கோபிசங்கர். வட்டவளையில் பிறந்து, டவுனில் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் டியூஷன் கொடுக்கிறவர். கெட்டிக்காரர், அதில் சந்தேகம் வேண்டாம். ஆண்டுக்கு ஒரு விஞ்ஞானம் அவரைப் பிடித்துக்கொள்ளும். போன ஆண்டு கண்ணாடி ஜன்னலிலிருந்து மின்சாரம். அதற்கு முந்தைய ஆண்டு ஆய்வுகூடத்தில் வளர்க்கும் இறைச்சி. அந்த ஆண்டு முழுக்க இறைச்சிக் கடைக்காரர் இவரைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டார். இந்த ஆண்டு, கணினி முன்னால் இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு சர்வதேச மாநாட்டைக் கேட்டு, சான்றிதழை லேமினேட் செய்து, சட்டைப்பைக்கு அது பெரிது என்பதால் சிறிதாக்கி இன்னொரு பிரதியும் லேமினேட் செய்து வைத்திருக்கிறார். தலைப்பு: வைரஸ் சார்ந்த புற்றுநோய்களில் குறியீடற்ற ஆர்.என்.ஏ.க்களின் பங்கு.

ரொட்டிக் கடையில் அவருக்கு எதிரே உட்கார்ந்தால் தேங்காய்ச் சம்பலில் விரலால் வைரஸ் வரைந்து காட்டுவார். வரைந்த சம்பலை நீங்கள் சாப்பிட முடியாது, அதற்குள் இன்னும் பாகங்கள் குறிக்க இருக்கும். முடிவெட்டும் கடையில் தரையில் கிடக்கும் மயிர்ச் சுருளைக் காட்டி, "நீளமான குறியீடற்ற ஆர்.என்.ஏ. இப்படித்தான் மடியும்" என்பார். அது உங்கள் மயிராக இருந்தால் உங்களுக்கு ஒரு பெருமிதம் வரவேண்டும் என்றும் எதிர்பார்ப்பார்.

இப்போது மஸ்கெலியாவுக்கு மேலே, ஒரு தோட்டத்தின் மேற்பிரிவுக்கு வாருங்கள். அங்கே பிள்ளைக்காம்பரா என்று ஓர் அறை இருக்கிறது. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம். மாதத்தில் ஒரு வியாழக்கிழமை குழந்தைகளைப் பக்கத்து மண்டபத்துக்கு மாற்றிவிட்டு அங்கே சுகவனிதையர் கிளினிக் நடக்கும். முப்பத்தைந்து வயதும் நாற்பத்தைந்து வயதும் ஆன பெண்களுக்குக் கருப்பைக் கழுத்தில் புற்றுநோய் தொடங்குகிறதா என்று பார்க்கும் பெப் பரிசோதனை. ஐந்து நிமிட வேலை. கருப்பைக் கழுத்திலிருந்து கொஞ்சம் உயிரணுவை வழித்து எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். சுகாதாரப் பணிமனையிலிருந்து வருகிற நர்ஸ் லோஜினி ஒரு பெட்டி, ஒரு திரைச்சீலை, காலில் நிற்கிற ஒரு விளக்கு ஆகியவற்றோடு காலை பஸ்ஸில் வந்து, பகல் பன்னிரண்டு மணி பஸ்ஸில் தகடுகளோடு மலையிறங்கிவிடுவார். அதை விட்டால் மாலைதான் பஸ்.

இன்னொரு செய்தியையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த அறையில் மின்சாரம் எடுக்க இருப்பது ஒரேயொரு பிளக்.

அன்றைக்குப் பன்னிரண்டு பெண்களுக்குப் பரிசோதனை. அவர்களில் ஒருத்தி மீனம்மா, வயது நாற்பத்தைந்து. மூன்று மாதமாக அவளுக்கு இடையிடையே இரத்தம் படுகிறது. இதை அவள் தன் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை, லோஜினியிடம் மட்டும் சொன்னாள். அவளுடைய அக்கா டயகமவில் இதே நோயில் செத்தவள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது எல்லாம் முற்றியிருந்தது. மீனம்மா இரண்டு முறை கிளினிக்குக்கு வந்து திரும்பியிருந்தாள். ஒரு மாதம் மண்சரிந்து பஸ் வரவில்லை. அடுத்த மாதம் வெளிநாட்டுக்காரர்கள் தோட்டம் பார்க்க வருகிறார்கள் என்று எல்லாரையும் மலைக்கு விரட்டிவிட்டார்கள். சிரித்துக்கொண்டே கொழுந்தெடுக்க வேண்டுமாம், படத்துக்கு. இது மூன்றாவது மாதம்.

பன்னிரண்டு பெண்கள் ஓர் இடத்தில் சேர்கிறார்கள் என்ற செய்தி தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் பழனியாண்டியின் காதுக்கு எட்டியது. பன்னிரண்டு பேர் தாமாகவே சேருகிற இடத்தில் ஒரு கூட்டம் வைக்காமல் விடுவது தலைவர் பதவிக்கே அவமானம் அல்லவா? புற்றுநோய் என்றதும் கோபிசங்கரின் நினைவு வந்தது. எனக்கும் அழைப்பு வந்தது. பேனரும் அடித்தாயிற்று. 'மாபெரும் விழிப்புணர்வுக் கருத்தரங்கு' என்று மேலே. நடுவில் கோபிசங்கரின் படம், அதைவிடச் சற்றுப் பெரிதாகப் பழனியாண்டியின் படம். கீழே ஒரு மூலையில் வைரஸின் படம். நோயாளிகளுக்கு அதில் இடம் போதவில்லை.

எட்டரைக்குக் கிளினிக் தொடங்க வேண்டும். எட்டரைக்கு மங்கள விளக்கேற்றினார்கள். மௌன அஞ்சலி செலுத்தினார்கள். யாருக்கு என்று எவரும் கேட்கவில்லை. வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை. பொன்னாடையைப் போர்த்தியபோது படம் சரியாக விழவில்லை என்று கழற்றி மறுபடி போர்த்தினார்கள். பிறகு கோபிசங்கர் தன் புரொஜெக்டரை மேசையில் வைத்து, சுற்றிலும் பார்த்து, லோஜினியின் விளக்கு குத்தியிருந்த பிளக்கைக் கண்டுபிடித்து, விளக்கைக் கழற்றினார்.

நடந்ததைக் கவனித்தீர்களா? கருப்பைக் கழுத்தைப் பார்க்க வைத்திருந்த விளக்கை அணைத்துவிட்டு, அந்தச் சுவரிலேயே கருப்பைக் கழுத்தின் படத்தைக் காட்டினார். ஆறடி உயரத்தில். கலரில்.

"சேர், அது என்னோட லாம்பு" என்றார் லோஜினி.

"பத்தே நிமிஷம் மிஸ். அடிப்படை விளங்காம டெஸ்ட் செஞ்சு என்னா பிரயோசனம்?"

பத்து நிமிடம் என்பது இந்த இனத்தின் நேர அலகு. நம் கடிகாரத்தில் அது ஒன்றரை மணித்தியாலம்.

அவர் சொன்னது என்ன? நியாயமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விஷயம் உண்மையிலேயே அழகானது. நம் உயிரணு ஒவ்வொன்றிலும் டி.என்.ஏ. என்ற கட்டளைப் புத்தகம் இருக்கிறது. அதிலிருந்து படியெடுத்த துண்டுகள் ஆர்.என்.ஏ. சில துண்டுகள் "இந்தப் புரதத்தைச் செய்" என்ற கட்டளையைக் கொண்டுபோகின்றன. மற்றத் துண்டுகள், அதாவது குறியீடற்றவை, எந்தப் புரதத்தையும் செய்யச் சொல்வதில்லை. அவற்றில் பலவற்றை விஞ்ஞானிகள் வெகுகாலம் குப்பை என்றே நினைத்திருந்தார்கள். பிறகுதான் தெரிந்தது, எந்தக் கட்டளை நடக்க வேண்டும், எது கிடப்பில் கிடக்க வேண்டும் என்று தீர்மானிப்பதில் இந்தக் குப்பைக்கும் பெரிய கை இருக்கிறது என்று. பாப்பிலோமா வைரஸ் கருப்பைக் கழுத்தில் ஆண்டுக்கணக்காகத் தங்கிவிட்டால், இந்தச் சின்ன அதிகாரிகளின் சமநிலையைக் குலைக்கிறது. "போதும், பெருகாதே" என்பவை குறைகின்றன. "இன்னும் பெருகு" என்பதற்குத் துணைபோகிறவை கூடுகின்றன. உயிரணு கட்டுமீறுகிறது.

நான் ஒரு பந்தியில் சொன்னதை அவர் நாற்பத்தேழு சிலைடுகளில் சொன்னார். பெண்கள் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு குழந்தைகளின் சின்ன வாங்குகளில் முழங்கால் மடங்க உட்கார்ந்திருந்தார்கள். பத்தொன்பதாவது சிலைடில் மீனம்மா எழுந்தாள்.

"சேர், ஒன்னு கேக்கலாமுங்களா?"

"கேளுங்க, கேளுங்க! கேள்விதான் விஞ்ஞானம்!"

"அப்ப அது நம்ம கணக்கப்புள்ள மாதிரிங்களா? அவரு ஒரு கொழுந்து கிள்ள மாட்டாரு. ஆனா எந்த மலையில கிள்ளணும், எவ போகணும், எவ நிக்கணும்னு அவருதானே சொல்றாரு. அவர எவனாவது கைக்குள்ள போட்டுக்கிட்டா மலையே நாசமாப் போவும். அதானே சேர்?"

கோபிசங்கர் ஒரு கணம் அசந்துபோனார். நாற்பத்தேழு சிலைடும் அங்கேயே முடிந்துவிட்டன. வேறு எந்த மனிதனாக இருந்தாலும் "அதேதான் அம்மா" என்று சொல்லிவிட்டு வயரைச் சுருட்டியிருப்பான்.

"அருமையான உவமை! ஆனா அத அவ்வளவு எளிமையாப் பாக்கக் கூடாது. அடுத்த சிலைடுக்குப் போவோம்."

பதினொன்றாயிற்று. லோஜினி கையுறையோடு கதவருகே நின்றார். "சேர், பன்னெண்டுக்கு எனக்கு பஸ். பன்னெண்டு பேரு இருக்காங்க. தயவு செஞ்சு பிளக்கக் குடுங்க."

அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். தன் வாழ்நாளில் எல்லாவற்றையும் பற்றிச் சொல்லிவந்த அதே வாசகம். புன்னகையோடு, கருணையோடு சொன்னார்.

"மிஸ், ஒங்க சேவைய மதிக்கிறேன். ஆனா வழிச்செடுத்து, தகட்டுல தடவி, இதெல்லாம் பழைய முறைங்க. அடுத்த கட்டத்துல ஒரு துளி ரத்தம் போதும். அதுல இந்தக் குறியீடற்ற ஆர்.என்.ஏ.ய அளந்து, நோய் வர முன்னமே சொல்லிருவாங்க. ஆராய்ச்சி நடக்குது."

பொய்யா? இல்லை. நடக்கத்தான் நடக்கிறது. ஆனால் அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்களை எண்ணிப் பாருங்கள். அந்தப் பரிசோதனைக்கு வருவதற்கு ஒரு பெண் என்னென்ன தாண்டி வரவேண்டும்? வெட்கத்தை, மாமியாரை, "ஒனக்கு எதுக்குடி அந்த டெஸ்ட்" என்ற கேள்வியை, கட்டிலில் காலை மடக்கிப் படுக்க வேண்டுமே என்ற பயத்தை. போகாமலிருக்க ஒரு நல்ல காரணம் கிடைக்காதா என்று ஒவ்வொருத்தியும் அடிமனதில் தேடிக்கொண்டிருந்தாள். இவர் அதை விஞ்ஞானத்தில் சுற்றிக் கொடுத்தார்.

பிரேமினி என்ற முப்பத்தைந்து வயதுக்காரி முதலில் எழுந்தாள். "அப்ப புதுசு வந்தோன்னயே எடுத்துக்கிறோமுங்க. ரத்தம்னா பயமில்ல."

"ஆமா, எதுக்கு ரெண்டு தரம்?" என்று இன்னொருத்தி. மளமளவென்று நாலு பேர் வாசல் தாண்டினார்கள். லோஜினி பின்னால் ஓடினார். "ஏய், நில்லுங்கடி! அது எப்ப வரும்னு அவருக்கே தெரியாது!" அவர்கள் மூடுபனிக்குள் போய்விட்டார்கள்.

"நல்ல வரவேற்பு" என்றார் பழனியாண்டி. "பத்திரிகைக்கு எழுதும்போது ஐம்பது பேருன்னு போடுவோம்."

மீனம்மா எழுந்து நடந்தாள். எல்லாரும் அவளும் போகிறாள் என்றுதான் நினைத்தோம். அவள் சுவரோரமாகப் போய், குனிந்து, புரொஜெக்டர் வயரைப் பிடித்து இழுத்தாள். ஆறடிப் படம் பட்டென்று அணைந்தது.

"என்னம்மா இது! முப்பத்தியெட்டாவது சிலைடுதான் முக்கியமானதே!"

"இருக்கட்டும் சேர். செவத்துல இருக்கிற பொம்பளைய காலையிலயிருந்து பாத்தாச்சு. இப்ப என்னையப் பாக்கட்டும்."

 மிச்சமிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் மண்டபத்தில் தூங்கிய குழந்தைகள் அத்தனையும் எழுந்து அழுதன. லோஜினி விளக்கைக் குத்தினார். திரையை இழுத்தார். "ஆம்பளைங்க எல்லாம் வெளிய! தலைவரே, நீங்களும்தான். பொன்னாடைய எடுத்துக்கிட்டுப் போங்க."

வெளியே தூறல். அடுத்த கட்டக்காரர் தளர்ந்துவிட்டார் என்று நினைக்கிறீர்களா? கூரை ஒழுகும் தாழ்வாரத்தில், பழனியாண்டிக்கும் இரண்டு நாய்களுக்கும் மிச்சம் பத்துச் சிலைடையும் வாயாலேயே சொல்லி முடித்தார். நன்றியுரையும் நடந்தது. நன்றியுரை சொன்னது யார் என்று மட்டும் கேட்காதீர்கள். அது இருபது நிமிடம் நீண்டது என்பதையும், லோஜினியின் பஸ்ஸை வளைவில் நிறுத்திவைக்க வேறு யாரோ ஓடவேண்டியதாயிற்று என்பதையும் நான் மறுக்கவில்லை.

எட்டுத் தகடுகள் அந்தப் பஸ்ஸில் மலையிறங்கின. சில வாரங்களில் முடிவு வந்தது. ஏழு நல்லது. மீனம்மாவுடையதில் உயிரணுக்கள் மாறத் தொடங்கியிருந்தன. நுவரெலியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே மேலும் பார்த்து, பரவ முன்பே பிடித்துவிட்டோம் என்றார்கள். சின்ன அறுவைச் சிகிச்சை. இன்றைக்கு அவள் மலையில் நிற்கிறாள், கணக்கப்பிள்ளையை "ஆர்.என்.ஏ. வாறாரு" என்றுதான் சொல்கிறாளாம். மேற்பிரிவு முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது. அவருக்கு மட்டும் காரணம் தெரியாது.

கோபிசங்கருக்கும் செய்தி போனது. அடுத்த கூட்டத்தில் நாற்பத்தெட்டாவது சிலைடாக மீனம்மா சேர்ந்துவிட்டாள். 'எனது உரையைத் தொடர்ந்து உடனடியாகப் பரிசோதனைக்கு முன்வந்த தோட்டத் தொழிலாளி.' பொய்யா? யோசித்துப் பார்த்தால் அதுவும் பொய்யில்லை. எவ்வளவு உடனடி என்று அவருடைய வயரைக் கேட்டால் சொல்லும்.

ஆனால் வாசல் தாண்டிய நாலு பேர்? லோஜினி லயம் லயமாக ஏறி மூன்று பேரைத் திரும்பக் கூட்டிவந்துவிட்டார். பிரேமினி மட்டும் வரவில்லை. போன மாதமும் கேட்டுப் பார்த்தார்.

"அந்த ஒரு சொட்டு ரத்தம் வரட்டும் மிஸ். சேரே சொன்னாரே."

"அவரு சொன்னது ஆராய்ச்சிடி. இது கிளினிக்கு."

"படிச்சவரு பொய் சொல்வாருங்களா?"

சொல்லவில்லை பிரேமினி, சொல்லவே இல்லை. அதுதான் எங்கள் தலைவலி.

ஆகவே வாசகரே, அடுத்த கட்டக்காரரைக் கண்டால் கைக்கெட்டும் தூரத்தில் பிளக் இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கண்டுபிடிப்பது சிரமமென்றால் ஓர் அடையாளம் சொல்கிறேன். குறியீடற்ற ஆர்.என்.ஏ. என்றால் என்னவென்று இப்போது அவருக்குத் தெரியும். சற்று முன்புதான் எங்கோ படித்தார். இதை யாருக்காவது சொல்ல வேண்டும் என்று நாக்கு துறுதுறுக்கிறது. கணக்கப்பிள்ளை உவமையைக்கூட எடுத்து வைத்துக்கொண்டார், தன்னுடையதாகவே சொல்லிவிடலாம் என்று. அவருடைய வீட்டில் முப்பத்தைந்து வயதில் ஒருத்தி இருக்கிறாள், அல்லது நாற்பத்தைந்தில். கிளினிக் என்றைக்கு என்று அவர் அவளிடம் கேட்டதில்லை. ஆறாம் வகுப்பு மகளின் புத்தகப் பையில், இந்த வைரஸுக்கு எதிரான தடுப்பூசிக்குப் பாடசாலை கொடுத்த சம்மதக் கடிதம் ஒன்று கையெழுத்துக்காகக் கசங்கிக்கொண்டிருக்கிறது.

"அதையும் சேர்த்துத்தான் சொல்ல இருந்தேன்" என்கிறீர்களா? நல்லது, தாராளமாகச் சொல்லுங்கள். எவளுடைய விளக்கைக் கழற்றிவிட்டுச் சொல்லப் போகிறீர்கள்?